தினமும் ஆபீசுக்கு ஹிமாலயன்

கேள்வி: என்னிடம் ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் அதில்தான் போய்வருகிறேன். சைடு பாக்ஸ், கூடுதல் லைட், கிராஷ் கார்டு எல்லாவற்றையும் எப்போதும் மாட்டியே வைத்திருக்கலாமா?

பதில்: கிராஷ் கார்டு இருக்கட்டும். சைடு பாக்ஸை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வண்டியே 190 கிலோவுக்கு மேல். பெட்டிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால், ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஹேண்டில்பார் நுழைந்த சந்தில் பின்பக்கம் நுழையாது. உரசுவது பக்கத்து ஸ்கூட்டர்காரரின் முழங்காலைத்தான். அது எனக்குப் பெரிய கவலை. சாப்பாட்டுப் பைக்கும் ரெயின்கோட்டுக்கும் பின் கேரியரில் ஒரு சின்னப் பெட்டி போதும். கூடுதல் லைட்டுக்கு ரிலே, ஃபியூஸ், தனி ஸ்விட்ச் கட்டாயம். ஊருக்குள் அணைத்தே வையுங்கள், எதிரே வருபவருக்குக் கண் கூசும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப்ரிகன்ட் அடியுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே.