தோட்டத்தில் மோட்டார் ஓட்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது



சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஸ்க்ராம்ப்ளர் சத்தம் கேட்காமல் இருக்காது. சிலியாவ் ஆனாலும் பகாவ் ஆனாலும் கதை ஒன்றுதான். செம்மண் பாதை, செம்பனை நிழல், கூட நாலு கூட்டாளிகள். "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறோம், யார் என்ன கேட்கப் போறாங்க?" நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு 15 வயது. நம்பர் பிளேட் இல்லாத ஒரு பழைய மோட்டார். லயத்திலிருந்து செம்பனைக்குள் போக, நடுவில் பொதுச் சாலையைக் கடக்க வேண்டும். மிஞ்சிப்போனால் 50 மீட்டர். அந்த இடத்தில்தான் சைக்கிளில் வந்த ஒரு தாத்தாவை இடித்துவிட்டேன். அவர் கை எலும்பு முறிந்தது. இன்சூரன்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லை. அப்பா தன் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்துக் கொடுத்துதான் அந்தச் செலவை அடைத்தார். பணம் அடைந்தது. தாத்தாவின் கை மட்டும் பழையபடி மடங்கவே இல்லை.

அன்று எனக்குத் தெரியாத சட்டத்தை இன்று உங்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன்.

1. எது சாலை?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு, பொதுச் சாலையையும் பொதுமக்கள் போய்வரக்கூடிய மற்ற சாலைகளையும் 'சாலை' என்கிறது. தனியார் பராமரித்து வைத்திருக்கும் தனியார் சாலை அதில் சேராது. ஆகவே, கேட் போட்டு, தோட்ட நிர்வாகமே மண் கொட்டிப் பராமரிக்கும் உள்பாதை வேறு. கேட்டுக்கு வெளியே உள்ள தார் சாலை வேறு.

ஒன்றைக் கவனியுங்கள். முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற பல இடங்கள் இன்று தாமான்களாகிவிட்டன. நேற்று வரை தோட்டப் பாதையாக இருந்தது, ஊராட்சி மன்றத்தின் கைக்குப் போய்விட்டால் இன்று பொதுச் சாலை. "எங்க தாத்தா காலத்திலிருந்து இது தோட்ட ரோடு" என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

2. கேட்டுக்கு வெளியே

பொதுச் சாலையில் 50 மீட்டர் போனாலும் 50 கிலோமீட்டர் போனாலும் சட்டம் ஒன்றுதான்.

• வயது: மோட்டார் சைக்கிள் ஓட்டக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

• லைசென்ஸ்: 250 சிசி வரை பி2 போதும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 26ஆம் பிரிவின்படி 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவதும் அதே பிரிவில் குற்றம்தான். "தம்பி, ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்று சாவியைக் கொடுக்கும் அண்ணன்மார்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

• இன்சூரன்ஸ்: 90ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். இது உங்கள் மோட்டாருக்காக இல்லை, நீங்கள் இடித்துவிடக்கூடிய அந்தத் தாத்தாவுக்காக.

• பதிவும் ரோட் டேக்ஸும்: 7ஆம் பிரிவு, பதிவில்லாத மோட்டாரை ஓட்டுவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே தடை செய்கிறது.

• தலைக்கவசம்: 1973லிருந்து இதற்குத் தனி விதிமுறையே இருக்கிறது.

வண்டியையும் பார்க்க வேண்டும். கவாசாக்கி கேஎல்எக்ஸ் 150 மாதிரி லைட், ஹாரன், கண்ணாடியோடு பதிவு செய்து விற்கப்படும் மோட்டாரில் சாலையிலும் போகலாம், மண்ணிலும் போகலாம். யமஹா ஒய்இசட் 125 பந்தயத் தடத்துக்காகவே செய்யப்பட்டது, லைட்டே கிடையாது. அதைத் தடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

3. கேட்டுக்கு உள்ளே

உள்ளே போய்விட்டால் சட்டம் இல்லையா? இங்கேதான் நம்மில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

முதலாவது, அந்த நிலம் நம்முடையதல்ல. மூன்று தலைமுறையாக அங்கே வேர்வை சிந்தியிருக்கலாம், ஆனாலும் நிலப் பட்டா வேறு பெயரில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நுழைந்தாலே நிலச் சொந்தக்காரர் சிவில் வழக்குப் போடலாம். வெளியே போகச் சொன்ன பிறகும் வம்புக்கென்றே அங்கே நின்றால் குற்றவியல் அத்துமீறல் ஆகிவிடும். தண்டனைச் சட்டம் 447ஆம் பிரிவில் அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

இரண்டாவது, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பல பிரிவுகள் கேட்டோடு நின்றுவிடலாம், தண்டனைச் சட்டம் நிற்காது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் 304ஏ பிரிவு தோட்டத்துக்குள்ளும் பாயும்; 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மருந்தடிக்கும் அக்காக்கள், குலை வெட்டும் அண்ணன்கள், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாக்கள் எல்லாம் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

மூன்றாவது, சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதி 'சாலையில்' நடக்கும் விபத்துக்கானது. தோட்டத்துக்குள் நடந்தால் பணம் கிடைக்குமா என்பதை உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. காடு யாருடையது?

சில தோட்டங்களின் எல்லையில் வனக் காப்பகம் தொடங்கும். ஜெலுபு மாவட்டத்தில் இருக்கும் பாசோ காடு நல்ல உதாரணம். 50 ஹெக்டர் ஆய்வு நிலத்தால் உலக விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த அந்தக் காட்டைச் சுற்றி மூன்று பக்கமும் செம்பனைதான். இப்படிப்பட்ட இடத்தில் கடைசி செம்பனை வரிசையைத் தாண்டினால் சட்டமே மாறிவிடும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி, மூடப்பட்ட வனக் காப்பகத்துக்குள் பெர்மிட் இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நடந்து போனாலே இந்தச் சட்டம் என்றால் மோட்டாரில் போனால் கேட்கவே வேண்டாம். பெர்மிட் எடுக்க மாவட்ட வன அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

5. சரியாகச் செய்வது எப்படி?

தோட்ட ஆபீசுக்குப் போய், கிராணியைப் பார்த்து, மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். யார் யார் வருகிறார்கள், மோட்டார் நம்பர், தேதி, நேரம், எந்தப் பாதை என்று எல்லாம் எழுதுங்கள். பதிலை எழுத்திலேயே வாங்கி, போகும்போது பையில் வைத்திருங்கள். வேலை நேரத்தில் ஓட்டாதீர்கள். பாத்தி, வாய்க்கால் பக்கம் போகாதீர்கள். மழையில் டயர் கிழித்த தடத்தில் தண்ணீர் ஓடி மண்ணை அரித்துவிடும். 'வேண்டாம்' என்று பதில் வந்தால் மரியாதையாகத் திரும்பிவிடுங்கள்.

நமது சமயம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. பதஞ்சலி முனிவர் சொன்ன ஐந்து யமங்களில் முதலாவது அகிம்சை, மூன்றாவது அஸ்தேயம். திருமூலரும் இயமத்தில் கொல்லாமையையும் களவாமையையும் சேர்த்தே வைக்கிறார். களவு என்றால் பணத்தை எடுப்பது மட்டும்தானா? கொடுக்காத இடத்தை எடுத்துக்கொள்வதும் களவுதான். கேட்டு வாங்கினால் அதே இடம் நமக்கு விளையாட்டுத் திடலாகிவிடும்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் வழக்கமாக மோட்டார் ஓட்டும் இடம் வரை ஒரு வரைபடம் போடுங்கள். பொதுச் சாலையைச் சிவப்பிலும், தோட்டப் பாதையை நீலத்திலும், வன எல்லையைப் பச்சையிலும் வரையுங்கள். சிவப்புக் கோடு எத்தனை மீட்டர் என்று அளந்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

என் வரைபடத்தில் அது 50 மீட்டர்தான் இருந்தது.