மழைநீர் இறங்குகுழாய்: மட்டாஞ்சேரி வீடுகள் தரும் பாடம்

கொச்சியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. இதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விழுவதாகும். கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் பழைய வீடுகளும், மிளகு, சுக்கு முதலியன வைக்கும் பண்டகசாலைகளும் சரிந்த ஓட்டுக் கூரை உடையவை. வெட்டுக்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் இப்பகுதியின் பழைய கட்டட வழக்கமாகும்.

கூரை நீரைத் திரட்டுவது இறவாரத்தில் பொருத்திய தூம்பு. அந்நீர் எங்கே சென்று சேரவேண்டும் என்பதை முடிவு செய்வது இறங்குகுழாய். குழாயின்றித் தூம்பை மட்டும் அமைத்தால், இறவாரம் நெடுகப் பரவி விழவேண்டிய நீர் ஓரிடத்திற் குவிந்து சுவரின் அடியைத் தாக்கும். மட்டாஞ்சேரி நிலம் கடல் மட்டத்தினும் சிறிதளவே உயர்ந்தது. ஆகவே அந்நீர் விரைவில் வடியாது. நுண்துளைகள் மிகுந்த வெட்டுக்கல் அதனை மேல்நோக்கி உறிஞ்சும். ஈரம் உலரும்போது நீரிற் கரைந்திருந்த உப்பு படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கும். உள்ளிருக்கும் சரக்கிற் பூஞ்சணம் பற்றும்.

குழாயின் அளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டர். கூரையின் ஒரு சரிவு மூடும் தரைப்பரப்பு 40 சதுர மீட்டர் எனக் கொள்க. மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கனமழையில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 67 லிட்டர் நீர் வந்து சேரும். இதற்கு 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று வேண்டும்.

பொருத்தும் முறை

1. தூம்பு, குழாயை நோக்கி மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருத்தல் வேண்டும்.
2. தூம்பின் வாயிற் கம்பிவலை இடுக, சருகு அடைக்காது.
3. மேற்குழாயின் முனை கீழ்க்குழாயின் உள்ளே அமைய வேண்டும். மாறாக அமைப்பின் இணைப்பில் நீர் கசியும்.
4. குழாய் சுவரை ஒட்டாது இரண்டு விரற்கடை விலகி நிற்குமாறு பட்டைகளால் இறுக்குக.
5. அடியில் வளைவுக் குழாய் பொருத்தி, நீரைச் சுவரினின்றும் ஒரு மீட்டருக்கு அப்பால் வடிகாலிலோ தொட்டியிலோ விடுக. அண்டை வீட்டுச் சுவரின்மேல் அது பாயலாகாது.

மழைக்கு முன்னரே, தூம்பின் மறுகோடியில் ஒரு வாளி நீர் ஊற்றிச் சோதித்தல் நன்று.

கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பாதலின், இந்நீர் வீணாகத் தக்கதன்று. கேரளத்தில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2004-ஆம் ஆண்டில் விதியாக்கப்பட்டது. தொட்டியில் விடுவோர், கூரை அழுக்கைக் கொண்டுவரும் முதல் நீரை ஒதுக்கிவிட வேண்டும்.

மாணவர்க்குப் பயிற்சி: பள்ளிக் கூரையின் ஒரு சரிவு மூடும் தரைப்பரப்பை அளந்து, மழைமானி காட்டும் ஒருநாள் அளவால் பெருக்குக. அன்று அச்சரிவு தந்த நீரின் அளவு லிட்டரிற் கிடைக்கும்.