புளிப்பும் அமிலச் சுமையும்

ஒன்பதாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்தும்போது, "உடலில் அமிலச் சுமையைக் கூட்டுவது எலுமிச்சையா, முட்டையா?" என்று கேட்பேன். எலுமிச்சை என்பார்கள். லிட்மஸ் தாளும் அதையே காட்டும்.

ஆனால் உடலில் சிட்ரிக் அமிலம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது. பொட்டாசியம் சிட்ரேட் பைகார்பனேட்டைத் தருகிறது. முட்டைப் புரதத்திலுள்ள கந்தகமோ சல்பியூரிக் அமிலமாகிறது. அதைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும்.

பிரான்சில் 66,485 பெண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. உணவின் அமிலச் சுமை மிகுந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைந்த கால்பங்கினரைவிட இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பு 56 சதவீதம் அதிகம். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை.

எனவே பாடத்தை முடிக்கும் முன் மூன்றைச் சொல்லிவிடுகிறேன்: சத்துணவு முட்டையை ஒதுக்க வேண்டாம், கீரையும் காயும் சேர்த்து உண்ணுங்கள், வீட்டில் பெரியவர்களின் நீரிழிவு மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு மாற்றாகாது.