உற்றவனும் உழைச்செல்வானும்

ஒருவரைப் பற்றிய நோய் அவர் வாழும் இல்லம் முழுவதையும் பற்றுகிறது. படுக்கையிற் கிடப்பவர் ஒருவர். அவர் பொருட்டு உறக்கம் இழப்பவர் பலர். நோய்களுள்ளும் புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே நம்மவர் நெஞ்சம் நடுங்குகின்றது. அந்நடுக்கத்தால் வீட்டில் பேச்சு அடங்கிவிடுகின்றது. பேச்சு அடங்குவதால் விளையும் கேடு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து என்பது. அதன் இறுதிக் குறள், மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று கூறுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வான் என்பன அந்நான்கு. உரையாசிரியராகிய பரிமேலழகர் இவற்றுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைக்கின்றார். தன் நோயின் நிலையைப் பிறர்க்கு உணர்த்த வல்லனாதல் நோயாளிக்கு உரிய இயல்புகளுள் ஒன்று. நோயாளியிடம் அன்புடையனாதல் உழைச்செல்வானுக்கு உரியவற்றுள் ஒன்று. இவ்விரண்டும் தனித்தனியே கூறப்படினும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. அன்போடு கேட்பார் இருந்தாலன்றி, நோயாளி தன் நிலையைச் சொல்வது யாங்ஙனம்?

இவ்வுண்மையை நான் ஏட்டிற் கற்றதினும் வீட்டிற் கற்றதே மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார்க்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டது. நோயின் பெயரை அவரிடம் சொல்லலாகாது என்று உறவினர் அனைவரும் கூடி முடிவு செய்தோம். 'வயிற்றுப்புண்' என்றே சொல்லிவந்தோம். அண்ணியார் முகத்தில் சிரிப்பை வருவித்துக்கொண்டு அவர் அறைக்குள் செல்வார். திரும்பி வந்து அடுக்களையில் கண்ணீர் விடுவார். தமையனாரோ எங்களை ஒன்றும் கேட்பதில்லை. அவர் ஒன்றும் அறியார் என்று எண்ணி நாங்கள் ஆறுதல் அடைந்திருந்தோம்.

கீமோதெரபி எனப்படும் மருந்தேற்றும் சிகிச்சை நடந்துவந்தது. ஒருமுறை மருந்து ஏற்றிய பத்தாம் நாள் மாலை, அவருக்குக் காய்ச்சல் கண்டது. பல நாள் உறங்காத மனைவியை மேலும் வருத்தலாகாது என்று கருதி, அதனை அவர் ஒருவரிடமும் கூறவில்லை. விடியற்காலையில் அவர் உடல் நடுங்குவதைக் கண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். அச்சிகிச்சையில் ஏற்றப்படும் மருந்து, நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களையும் குருதியில் குறைத்துவிடும். ஆதலின் அந்நாட்களில் உடல் வெப்பம் 100.4 பாகை பாரன்ஹீட்டை எட்டினால், இரவாயினும் உடனே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். நாங்களோ ஓரிரவு முழுவதையும் இழந்துவிட்டோம். இரண்டு நாள் அவர் உயிர் ஊசலாடியது. பின்னர் ஒருவாறு பிழைத்தார்.

அவர் தேறிய பின், "அண்ணா, காய்ச்சலை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"தம்பி, என் நோயின் பெயரை நீங்கள் என்னிடம் சொன்னீர்களா? மருத்துவமனைப் பலகையைப் படித்த முதல்நாளே நான் அதனை அறிந்தேன். நான் அறிந்தது தெரிந்தால் நீங்கள் வருந்துவீர்கள் என்று வாய் திறவாதிருந்தேன். பெரிய அச்சத்தைச் சொல்ல முடியாத வீட்டில் சிறிய காய்ச்சலை எப்படிச் சொல்வது?" என்றார்.

அம்மொழி கேட்டு நான் தலைகுனிந்தேன். மூன்று திங்கள் அவர் தம் அச்சத்தைத் தனியே சுமந்தார். நாங்கள் எங்கள் அச்சத்தைத் தனியே சுமந்தோம். இருசாராரும் அன்பினாலேயே மறைத்தோம். அவ்வன்பே எங்களைப் பிரித்து வைத்தது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் மறைத்தல் ஒழிந்தது. அதன்பின் அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளே. ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் சொல்ல விரும்பியவற்றை நாங்களும், நாங்கள் சொல்ல விரும்பியவற்றை அவரும் கேட்டு முடித்தோம்.

நோயாளி சொல்வதைக் கேட்டலின் அருமையை உலகறியச் செய்தவர் இங்கிலாந்து நாட்டுச் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் தொண்டு செய்தவர். 1948ஆம் ஆண்டில், போலந்து நாட்டிலிருந்து அகதியாக வந்த ஒருவர் இலண்டன் மருத்துவமனையில் புற்றுநோயால் இறக்கும் நிலையில் இருந்தார். அம்மையார் அவர் அருகமர்ந்து நெடுநேரம் உரையாடுவார். தமக்கு உறவினர் ஒருவரும் இல்லாத அவர், இறக்கும்போது 500 பவுனை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். அவரிடம் கேட்டறிந்தவற்றை நெஞ்சிற் கொண்டு அம்மையார் மருத்துவமும் பயின்று, 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வலி உடலோடு நில்லாது. உள்ளத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகியனவும் அதனுட் கலந்துள்ளன என்பது அவர் கண்ட உண்மை. உடல்வலிக்கு மாத்திரை உண்டு. ஏனையவற்றை நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி எவரும் அறியார்.

அங்ஙனமாயின் நோயாளியிடம் பேசும் முறை யாது? முதலாவது, சொல்வதற்கு முன் கேட்டல். "அப்பா, மருத்துவர் கூறியதில் தங்களுக்குத் தெரிந்தது என்ன? இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று வினவலாம். முழுதும் அறிய விரும்புவோர் உளர். சிறிது சிறிதாக அறிய விரும்புவோரும் உளர். அவர் விரும்பும் அளவே நாம் சொல்லும் அளவாதல் வேண்டும்.

இரண்டாவது, பேச்சின் வாயிலை அடையாதிருத்தல். நோயாளி, "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்றவுடன், "அப்படியெல்லாம் பேசாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறோம். ஆறுதல்போல் தோன்றும் அம்மொழி, மேற்கொண்டு பேசாதே என்று தடுப்பதே ஆகும். "எதை நினைத்து அச்சம்?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தலே தக்கது. விடை வாராவிடினும் கையைப் பற்றிக்கொண்டு அருகமர்ந்திருக்கலாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டும் நோய் அன்று.

மூன்றாவது, வலியை அளந்து சொல்லச் செய்தல். வலியே இன்மை 0, பொறுத்தற்கரிய வலி 10 என வைத்து, இப்பொழுது எத்தனை என்று கேட்டு, நாழிகையோடு ஏட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டலாம். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண் முதலியவற்றையும் அவ்வாறே குறித்தல் நலம்.

நான்காவது, துணையிருப்போரும் தம் நிலையை மறையாதிருத்தல். இரவுபகல் விழித்திருப்பவர், "இன்று நான் மிகக் களைத்தேன், சிறிது நேரம் வேறொருவர் தங்கள் அருகில் இருக்கட்டும்" என்று சொல்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் மெய்யைச் சொன்னால் நோயாளியும் மெய்யைச் சொல்லத் துணிவார்.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ நோயுற்றோர் இருத்தல் கூடும். மருந்து கொடுத்தல் மருத்துவர் கடமை. அதனை வேளை தவறாது ஊட்டுதல் பெரியோர் கடமை. பள்ளியிலிருந்து வந்தவுடன் அவர் அருகில் அமர்ந்து, "இன்று எப்படி இருக்கிறது, தாத்தா?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழாதிருத்தல் உங்களால் இயலும். அவ்வாறு செய்வீராயின் நீங்களும் உழைச்செல்வார் ஆவீர்.

வினாக்கள்

1. மருத்துவத்தின் நான்கு உறுப்புகள் யாவை?
2. தமையனார் தம் காய்ச்சலை மறைத்ததன் காரணம் யாது? அதனால் விளைந்தது யாது?
3. "அவ்வன்பே எங்களைப் பிரித்து வைத்தது" என்பதன் கருத்தை விளக்குக.