திவால் ஆணை வந்தால் வாடகை வீடு என்ன ஆகும்?

கடன் தலைக்குமேல் போய், திவால் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இருக்கிற வீட்டைக் காலி பண்ணணுமா?" திவால் ஆணை மட்டுமே உங்களை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றிவிடாது. குடும்பம் தெருவுக்கு வருவது இரண்டு வழிகளில்: சேர்ந்துபோன வாடகைப் பாக்கி, படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு வரி. இரண்டையும் முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலும் வீடு தங்கும்.

பினாங்கில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சூலியா ஸ்திரீட், குயின் ஸ்திரீட் பக்கத்துக் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பும் முடிந்தது. வாடகை ஏறியது, பழைய குடும்பங்கள் நகரை விட்டுப் போயின. "வருஷக்கணக்கா இருக்கோம், யார் எழுப்ப முடியும்?" என்ற பெரியவர்களின் தைரியத்துக்கு இன்று சட்டத்தில் பலம் இல்லை. ஒப்பந்தமும் சில பொதுச் சட்டங்களும்தான் துணை.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

இன்றே படியுங்கள். வாடகைதாரர் திவாலானால், அல்லது கடன்காரர்களோடு சமரச ஏற்பாடு செய்துகொண்டால், வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற வரி அச்சிட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் உண்டு. வாடகை எத்தனை நாள் தாமதமானால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். அந்த வரிகளின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்; முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. எழுத்தே இல்லாமல் மாதாமாதம் வாடகை கொடுத்து வருபவர்கள் பணத்தை இனி கையில் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ரசீது வாங்குங்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

கடன் கொடுத்தவர் ஒருவரைத் திவாலாக்க மனுப் போட வேண்டுமானால் கடன் குறைந்தது 1,00,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 2017-இல் 30,000-லிருந்து 50,000 ஆக உயர்ந்த வரம்பு, பெருந்தொற்றுக் காலத்தில் இந்த அளவுக்கு வந்தது. அதனால், "பாக்கியைக் கட்டலேன்னா உன்னைத் திவாலாக்கிடுவேன்" என்று வீட்டுக்காரர் மிரட்டினால் பயப்படாதீர்கள். சில ஆயிரம் ரிங்கிட் வாடகைப் பாக்கிக்கு அது நடக்காது.

பயப்பட வேண்டியது வங்கி அனுப்பும் திவால் நோட்டீசுக்கு. கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாள்தான் அவகாசம். இந்தக் கட்டத்தில் போக வேண்டிய இடம் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, கட்டணம் கிடையாது. இன்னொரு வழி, திவால் ஆணைக்கு முன்பே கடன்காரர்களோடு தன்னார்வ ஏற்பாடு செய்துகொள்வது. அதற்காக நீதிமன்றம் தரும் இடைக்கால உத்தரவு 90 நாள்வரை உங்களைக் காக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் கோடு போட்ட வரியை மறந்துவிடாதீர்கள். சமரச ஏற்பாடே ஒப்பந்தத்தை முறிக்கும் என்று அதில் இருந்தால், வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

பழைய பாக்கி வேறு, இந்த மாத வாடகை வேறு

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆணைக்கு முன் சேர்ந்த வாடகைப் பாக்கி, கிரெடிட் கார்டு கடனைப் போலத் திவால் இலாகாவின் கடன் பட்டியலுக்குள் போய்விடும். அந்தப் பணத்துக்காக உங்கள்மேல் வழக்குப் போட வீட்டுக்காரருக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆணைக்குப் பின் வரும் ஒவ்வொரு மாத வாடகையையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். "திவாலாகிட்டேன், வாடகை கட்ட வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய பாக்கியைக் கேட்டு வழக்குப் போடுவதற்குத்தான் தடை. பாக்கியைக் காரணமாக வைத்து ஒப்பந்தத்தை முடித்து வீட்டைத் திரும்பக் கேட்பது வேறு வழக்கு. அந்த ஆபத்து அப்படியே இருக்கும். ஆணைக்குச் சற்று முன்னால், மற்ற கடன்காரர்களை விட்டுவிட்டு உங்கள் பணத்தில் வீட்டுக்காரருக்கு மட்டும் மொத்தமாகக் கொடுத்தால், ஒருவருக்குக் காட்டிய சலுகை என்று பின்னால் கேள்வி வரலாம். அண்ணனோ மாமாவோ தம் சொந்தப் பணத்தில், திருப்பிக் கேட்காமல், பாக்கியைக் கட்டி உதவினால் அந்தச் சிக்கல் இல்லை. உறவினரிடம் உதவி கேட்பதாக இருந்தால், எல்லாவற்றையும்விட முதலில் இதற்குக் கேளுங்கள். வாடகைக்கு யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் திவாலானாலும் அவர் பொறுப்பு தீராது.

திவால் இலாகாவில் மறைக்காதீர்கள்

கடன்காரர் மனுவில் ஆணை வந்தால் 21 நாளுக்குள் உங்கள் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். திவாலிலிருந்து விடுதலைக்கான மூன்று ஆண்டுக் கணக்கு இந்த அறிக்கையைக் கொடுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. தள்ளிப்போட்டால் இழப்பு உங்களுக்கே. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இலாகா முடிவு செய்யும்போது குடும்பத்தின் அவசியச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்த நகல், வாடகை ரசீதுகள், டிஎன்பி மின் பில், தண்ணீர் பில், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். காகிதம் காட்டாத வாடகை கணக்கில் ஏறுவது கஷ்டம்.

வீட்டுக்காரரிடம் இருக்கும் டெப்பாசிட்டையும் எழுதுங்கள். இரண்டு மாத வாடகையும் அதற்குமேல் மின்சார, தண்ணீர் டெப்பாசிட்டும் கொடுத்திருப்பீர்கள். அது உங்கள் சொத்து என்பதால், வீட்டைக் காலி செய்யும்போது நியாயமாகக் கழித்தது போக மீதி வந்தால் அது இலாகாவுக்குச் சேர வேண்டியது. உடுப்பு, படுக்கை, தொழில் கருவி ஆகியவை மொத்தம் 5,000 ரிங்கிட் வரை உங்களிடமே இருக்கும். ஊழியர் சேமநிதிக் கணக்கில் இருக்கும் பணமும் கடன்காரர் கைக்குப் போகாது. பதறி அதை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு முடங்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வாடகை தானாகக் கழியும்படி வைத்திருந்தால் அந்த மாதம் அப்படியே நின்றுபோகும். சம்பளக் கணக்கைத் தொடர்ந்து பயன்படுத்த இலாகாவிடம் சீக்கிரம் அனுமதி கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்து பினாங்கில் குடும்பத்துக்கு வாடகை அனுப்புகிறவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்றால் சம்பளம் நிற்கும், அதோடு வாடகையும் நிற்கும்.

வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

அவர் மற்றவர் வாயால் கேள்விப்படுவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு வேண்டியது மாதாமாதம் வரும் வாடகை. மனைவியோ, வேலைக்குப் போகும் பிள்ளையோ கடனில்லாமல் இருந்தால், அவர் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதித் தரும்படி நேராகக் கேட்கலாம். அதை வீட்டுக்காரர் சம்மதத்தோடு, இலாகாவுக்கும் தெரிவித்துச் செய்ய வேண்டும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

பூட்டை மாற்றிவிட்டால்?

ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வெளியேற்றலாம் என்று 1950-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. சாமான்களைத் தெருவில் எறிவது, ஆள் வைத்து மிரட்டுவது, பூட்டை மாற்றுவது எதுவும் செல்லாது. வாடகைக்காகச் சாமான்களைக் கைப்பற்றவும் நீதிமன்ற வாரண்ட் வேண்டும். அதுவும் கடைசி 12 மாதப் பாக்கிக்கு மேல் போகாது. யாராவது கதவைத் தட்டினால் வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் அலமாரி, குளிர்சாதனம் எவை என்று முன்பே படம் எடுத்து வைத்திருந்தால் அன்று தகராறு வராது. அத்துமீறினால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒப்பந்தம் சட்டப்படி முடிந்த பின் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால், வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. போக வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டால் தேதி பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடு தேடும்போது

புது வீட்டுக்காரர்கள் சிடிஓஎஸ் கடன்நிலை அறிக்கையைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். முந்தைய வீட்டில் ஒழுங்காகக் கட்டிய ரசீதுகளையும், பழைய வீட்டுக்காரரின் ஒரு கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். முகவரி மாறினால் இலாகாவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். விடுதலை கிடைத்ததும் சான்றிதழை வாங்கி, நகலைச் சிடிஓஎஸ்-க்கு அனுப்பிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.