நீரிறைக்கும் யந்திரத்தில் எரிபொருட் கோளாறுகள்

கிணற்று நீரைக் கொண்டு வெங்காயம், மிளகாய் முதலிய பயிர்களைச் செய்கை பண்ணும் கமக்காரருக்கு இறைப்பு ஒரு நாள் பிந்துவதும் நட்டமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் போன்ற, நீர் விரைவில் வடியும் நிலங்களில் இது பெரிதும் உண்மை. யந்திரம் திடீரென நின்றவுடன் பலர் காபரேற்றரின் திருகாணிகளை மாற்றித் திருகுகின்றனர். அதனால் சிறு கோளாறு பெருங் கோளாறாகிவிடுகின்றது. எரிபொருள் தாங்கியிலிருந்து புறப்பட்டுச் செல்லும் வழியை முறைப்படி பார்த்து வருவதே சரியான முறையாகும்.

முதற் சோதனை

தாங்கியில் எரிபொருள் உண்டா, அதன் திருகுவாய் திறந்திருக்கின்றதா எனப் பார்க்கவும். பின்னர் சோக்கை மூடி, கயிற்றைச் சில முறை இழுத்துவிட்டுத் தீப்பொறி பிளக்கைக் கழற்றவும். அதன் முனை உலர்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருப்பின் எரிபொருள் வருகின்றது. அளவுக்கு மிஞ்சி வந்திருக்கலாம், அல்லது குறை தீப்பொறியில் இருக்கலாம்.

பிளக் உலர்ந்திருந்தால்

1. தாங்கியின் மூடி: மூடியிலுள்ள நுண்ணிய துளை வழியே காற்று உட்செல்லாவிடின் எரிபொருள் கீழிறங்காது. சிறிது நேரம் ஓடி நின்ற யந்திரம், மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடுமாயின் துளை அடைபட்டுள்ளது என அறியலாம்.

2. வண்டற் கிண்ணம்: நீர் எரிபொருளிலும் பாரமானது, ஆகையால் கிண்ணத்தின் அடியில் முத்துப்போல் திரண்டு நிற்கும். திருகுவாயை மூடி, கிண்ணத்தையும் சல்லடையையும் கழற்றித் துப்புரவு செய்யவும்.

3. குழாய்: காபரேற்றர்ப் பக்கத்து முனையைக் கழற்றி ஒரு போத்தலுள் விட்டுத் திருகுவாயைத் திறக்கவும். எரிபொருள் தடையின்றி ஒழுகவேண்டும். துளித்துளியாக வந்தால் அடைப்பு அதற்கு முன்னரே உள்ளது.

4. காபரேற்றர்: குழாயில் எரிபொருள் நன்கு வருமாயின் மட்டுமே இதனைத் தொடவேண்டும். மிதவைக் கிண்ணத்தின் அழுக்கை அகற்றி, ஜெற் எனப்படும் சிறு துளையுள்ள பித்தளை உறுப்பைத் துவிச்சக்கர வண்டிப் பம்பினால் ஊதவும். கம்பியால் குத்தலாகாது, துளை பெருத்தால் எரிபொருள் என்றும் வீணாகும்.

காபரேற்றரிலிருந்து எரிபொருள் வழிந்தால் மிதவையின் ஊசியடியில் அழுக்கு இருக்கலாம். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்க.

மண்ணெண்ணெய் யந்திரங்கள்

பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் யந்திரத்தை, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த யந்திரத்தில் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். மசகெண்ணெயில் மண்ணெண்ணெய் மணம் வீசினால் அதனை மாற்றிவிடுக. நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டினால் மறுநாள் தொடக்குவது எளிது.

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திரார். ஒழுகும் ஒவ்வொரு துளியும் பயிரின் இலாபத்திலிருந்தே ஒழுகுகின்றது.

கவனிக்க வேண்டியவை

• யந்திரம் ஆறிய பின்னரே கழற்றவும். அருகில் விளக்கோ, சுருட்டோ, பீடியோ கூடாது.

• கழற்றும் வேலையைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் செய்யவும். எரிபொருள் கலந்த கிணற்று நீர் குடிக்க உதவாது.

• எரிபொருளைத் துப்புரவான துணியால் வடித்து ஊற்றவும்.

• போகம் முடிந்து யந்திரத்தை வைக்கும்போது, திருகுவாயை மூடி, காபரேற்றரில் உள்ளதை வடித்துவிடவும். நெடுநாள் தங்கிய பெற்றோல் பிசினாகி ஜெற்றை அடைக்கும்.

இவற்றை வரிசையாகச் செய்தும் யந்திரம் ஓடாவிடின், மேலும் கழற்றாது தேர்ந்த திருத்துநரிடம் கொடுப்பதே நன்று. இறைப்புத் தொடங்குமுன் யந்திரத்தைச் சோதித்து வைப்பவரின் பாத்தி வாடாது.