கோழி இறகு ஏன் மெதுவாக விழுகிறது?

கேள்வி: தேங்காய் தொப்பென்று விழுகிறது, கோழி இறகோ ஆடி அசைந்து இறங்குகிறது. கனமானதைப் பூமி வேகமாக இழுக்கிறதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இறகுக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து சரியான கேள்வி! நிறை கூடினால் பூமியின் இழுவிசையும் கூடும்; ஆனால் அந்தப் பொருளை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினமாகிவிடும். இரண்டும் ஈடாவதால், எது விழுந்தாலும் வேகம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் கூடும். இறகைத் தாமதப்படுத்துவது காற்றுதான். காற்றில்லாத நிலவில் 1971இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. நிலவின் ஈர்ப்பு இங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்பதால் சற்று நிதானமாக விழுந்தன, அவ்வளவே.

இன்னொரு செய்தி: சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ தயாரித்தது, உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளிலிருந்துதான்.